தேக்கிய நீரும் சேற்றுக்கரைப் பறவைகளும்

புக்கிட் தெங்கா வட்டாரத்தில் வாழும் நம் மக்களுக்கு மெங்குவாங் அணைக்கட்டு புதிய செய்தியன்று. 1985ஆம் ஆண்டில் எழுந்த அந்நீர்த்தேக்கம் பினாங்கு மாநிலத்திலேயே மிகப் பெரியது. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விரிவாக்கப் பணியின் பயனாக அதன் கொள்ளளவு மும்மடங்கிற்கும் மேலாகப் பெருகியது. மழை பொய்க்கும் மாதங்களிலும் வீட்டுக் குழாயில் நீர் வர வேண்டுமாயின் இத்தகைய தேக்கங்கள் தேவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், நீரைத் தேக்கும் செயலால் சில உயிரினங்கள் தம் உணவை இழக்கக்கூடும் என்பது நம்மில் பலர் எண்ணிப் பாராத ஒன்று. தண்ணீர் பெருகினால் நீர்ப்பறவைகளும் பெருகும் அன்றோ என்று கேட்கலாம். நீந்தி மீன் பிடிக்கும் நீர்க்காகத்திற்கு அது பொருந்தும். உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, மூக்கன் முதலிய கரைப்பறவைகளுக்கு அது பொருந்தாது.

இப்பறவைகளைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செபராங் பிறையின் வடபகுதியில் தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை நீண்டு கிடக்கும் சேற்றுக்கரை, பன்னாட்டுப் பறவை ஆய்வாளர்களால் முக்கியப் பறவைத் தளம் என ஏற்கப்பட்டுள்ளது. சைபீரியா முதலிய வடபுலங்களில் குஞ்சு பொரித்த பறவைகள், அங்கே குளிர் தொடங்கியதும் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கே வந்து இறங்குகின்றன. உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ள நார்ட்மன் பச்சைக்காலியும் அவற்றுள் ஒன்று.

இவை நீந்தி இரை தேடுபவை அல்ல. நடந்து தேடுபவை. உள்ளானின் கால் நம் விரல் நீளங்கூட இராது. ஆதலால் கணுக்கால் அளவு நீர்கூட அதற்கு ஆழ்கடல்தான். ஈரச் சேற்றில் அலகை நுழைத்துப் புழு, நத்தை, சிறு நண்டு ஆகியவற்றை எடுத்து உண்ணும். கடல் வற்றும்போதெல்லாம் இவற்றுக்குப் பந்தி விரிக்கப்படுகிறது. நாள்தோறும் அது தவறுவதில்லை. அங்கே சேர்த்துக்கொள்ளும் கொழுப்பே திரும்பும் பயணத்திற்கு எரிபொருள்.

நீர்த்தேக்கத்தின் கரையோ வேறு வகையானது. அங்கே நீர்மட்டம் மழைக்கும் மதகுக்கும் கட்டுப்பட்டது. தேக்கம் நிறைந்திருக்கும்போது நீர் புல்தரையை முட்டி நிற்கும். சேறு வெளியே தெரியாது. வட அமெரிக்காவின் மிசூரி ஆற்றுத் தேக்கங்களில், நீர் வடிந்த கரை மணலில் முட்டையிடும் ஒருவகை உப்புக்கொத்தி உண்டு. பனி உருகி வரும் நீரைக் கோடையின் தொடக்கத்தில் தேக்கினால் அதன் கூடுகள் மூழ்கிவிடும். மின்சாரமும் வெள்ளத்தடுப்பும் ஒருபுறம், கைப்பிடி அளவுப் பறவையின் கூடு மறுபுறம் என அங்கு நெடுநாளாக வழக்கு நடந்து வருகிறது.

நமக்கு அண்மையில், இலங்கையின் தென்கோடியில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் புந்தல என்னும் இடத்தில் ஆழமற்ற உப்பு நீர்ப் பரப்புகள் பல உள்ளன. இலங்கைத் தமிழர் இவற்றைக் களப்பு என்பர். அழகான சொல். நாமும் வழங்கலாம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் அங்கே கூடும்; பூநாரைக் கூட்டங்களும் கூடியதுண்டு. 1990ஆம் ஆண்டில் ராம்சார் உடன்பாட்டின்கீழ் இலங்கையிலிருந்து முதன்முதலாகப் பதிவு பெற்ற ஈரநிலம் அதுவே. 1993ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1980களில், அருகிலுள்ள கிரிந்தி ஓயா ஆற்றின் குறுக்கே லுணுகம்வெகர அணை கட்டப்பட்டிருந்தது. நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றி நெல் விளைவிப்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் புதிய வயல்களிலிருந்து வடிந்த நீர் கடலுக்கு நேரே செல்லவில்லை. எம்பிலிகல, மலல என்னும் இரு களப்புகளில் போய் நிறைந்தது. நீரின் உப்பு குறைந்தது. உப்பு நீரில் வாழப் பழகிய இறாலும் சிற்றுயிர்களும் அருகின. சம்பும் கோரையும் தழைத்தன. மேட்டில் கிடந்த சேறு நீருக்கடியில் போயிற்று. களப்பு பார்வைக்குப் பசுமையாகத்தான் இருந்தது. கரைப்பறவைக்குத்தான் அங்கே நிற்க இடமில்லை.

பறவைகளோடு துன்பம் நிற்கவில்லை. களப்பு நிரம்பினால் ஓரத்து வயல்கள் மூழ்கும். அதைத் தவிர்க்க உழவர்கள் களப்பின் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி விடுவர். நீர் திடீரெனக் கடலில் பாயும். அது வளர்ந்து வரும் இறாலை நம்பியிருந்த மீனவருக்குப் பேரிழப்பு. இதில் யாரைக் குறை கூறுவது? வயலைக் காத்தவரும் ஏழை, வலையை இழந்தவரும் ஏழை. வியப்பு என்னவெனில், மேலே அணைத்திட்டத்தில் நீர் போதவில்லை என்ற முறையீடு ஓயவில்லை என்பதே. ஆற்றில் வரும் என்று கணக்கிட்ட அளவு நீர் வரவில்லை. மேலே பற்றாக்குறை, கீழே மிகுதி! வயலுக்கு வேண்டிய அளவே நீர் விட்டு, வடிநீரை மீண்டும் பாசனத்திற்குத் திருப்பினால் இரு குறையும் ஒருங்கே தணியும் என ஆய்வாளர் கருத்துரைத்தனர். செயலில் அது எளிதன்று. ஆயிரக்கணக்கான வாய்க்கால் மடைகளை உரிய நேரத்தில் திறந்து மூட வேண்டுமே. இதற்கிடையில் பறவைகள் பல, அருகிலுள்ள உப்பளப் பாத்திகளை நாடின.

தென்கொரியாவின் செமாங்கம் கடற்கரைக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. விளைநிலமும் நன்னீர்த் தேக்கமும் வேண்டி 33 கிலோமீட்டர் நீளக் கடலணை எழுப்பப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் அடைக்கப்பட்டது. கடலேற்றம் நின்றதும் சிப்பிகள் மாண்டன. அங்கே தங்கி இரை உண்டு சென்ற ‘கிரேட் நாட்’ என்னும் உள்ளான் வகை பல்லாயிரக்கணக்கில் குறைந்தது. அருகிவரும் இனமாக இன்று அது பட்டியலில் உள்ளது. நம் மேற்குக் கரையில் வந்திறங்கும் பறவைகளின் வழியும் அதே வழியே. அங்கே ஒரு சத்திரம் மூடப்பட்டால் இங்கே விருந்தினர் குறைவர்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். பினாங்கு மாநிலத்தின் குழாய் நீரில் எண்பது விழுக்காட்டிற்கும் மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு கொண்டுவரும் வண்டலுக்குக் கோலா மூடாச் சேற்றுக்கரையை வளர்ப்பதில் பங்குண்டு. கெராங் பொறுக்குவோரும் இறால் பிடிப்போரும் பறவைகளைப் போலவே அச்சேற்றை நம்பியவர்கள். ஆற்றின் தலைப்பகுதி நீர், 1960களில் தொடங்கிய மூடா பாசனத் திட்டத்தின்கீழ் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பப்பட்டு, கெடா, பெர்லிஸ் வயல்களுக்குச் செல்கிறது. எஞ்சியதைத்தான் குழாயும் கழிமுகமும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆறு பெருகி ஓடும் நாளில் நீரை இறைத்து மெங்குவாங்கில் சேர்த்து, வறண்ட நாளில் பயன்படுத்தும் முறை கழிமுகத்திற்குக் குறைந்த தீங்கே செய்யும் என்பது நம் கருத்து. கேள்வி எழுவது பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில். வடக்கே திரும்புமுன் பறவைகள் மிகுதியாக உண்ண வேண்டிய நாட்களும், மூடா ஆறு மிக மெலிந்து ஓடும் நாட்களும் அவையே.