கதைக்கும் ஒரு கணக்கு உண்டு

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கைப் பக்கம் பட்டுத்தறி பார்த்திருக்கிறீர்களா? 'கோர்வை'ச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்களை ஓட்டி, இரு நிற ஊடைகளும் ஒன்றோடொன்று பிணையும்படி நெய்கிறார்கள். விவரம் தெரிந்தவர் பளபளப்பை மட்டும் பார்க்கமாட்டார். கரையும் உடலும் சேரும் இடத்தைப் புரட்டிப் பார்ப்பார்.

அறிவியல் நாவலும் கோர்வைச் சேலை போன்றதுதான். உண்மை ஒரு நிறம், கற்பனை மற்றொரு நிறம். இரண்டும் சேரும் இடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்புரை எழுதுவது அருமையான பொழுதுபோக்கு. செய்து பார்ப்போமா?

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865இல் சந்திரப் பயணம் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதில் 900 அடி நீளப் பீரங்கி, மூவர் அமர்ந்த குண்டை விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் விண்ணுக்கு எறிகிறது. பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட ஏறக்குறைய இதே வேகம்தான் தேவை. இங்கே கோர்வை உறுதி!

இனி நோட்டை எடுங்கள். 900 அடி என்பது சுமார் 274 மீட்டர். பீரங்கியின் முழு நீளத்திலும் குண்டு வேகம் பெறுவதாகவே வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் விநாடிக்கு 5,500 மீட்டர். ஆகவே குண்டு வெளியேற ஆகும் நேரம் விநாடியில் 20இல் ஒரு பங்கு. அதற்குள் 11,000 மீட்டர் வேகத்தை எட்டினால், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 22,000 மடங்கு! 50 கிலோ மனிதர் மீது ஏறத்தாழ 1,100 டன் எடை அழுத்தியது போலாகும். கதையில் வரும் தண்ணீர் மெத்தை அவர்களைக் காப்பாற்றாது. இங்கே நூல் அறுந்துவிட்டது.

அதனால் நாவல் மோசமா? இல்லை. 1969இல் அப்போலோ 11 மூன்று பேருடன், வெர்ன் சொன்ன அதே ஃபிளாரிடாவிலிருந்து புறப்பட்டது. ஆனால் பீரங்கியால் அல்ல. படிப்படியாக வேகம் கூட்டும் ராக்கெட்டால். ஏன் ராக்கெட் வேண்டும் என்பதை, கதையின் பிழையே நமக்குக் கற்றுத் தருகிறது!

ரஷ்ய எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மான் இப்படித்தான் கதைகளை இயற்பியலால் உரசிப் பார்த்தார். எச். ஜி. வெல்ஸ் 1897இல் படைத்த 'மாயமனிதன்' பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டார்: உடல் முழுவதும் ஒளி ஊடுருவுமானால், கண்ணில் பிம்பம் எப்படி விழும்? பிறர் கண்ணுக்குத் தெரியாதவன் தானும் குருடனாகவே இருப்பான்!

தமிழிலும் நூல்களுக்குப் பஞ்சமில்லை. பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா (1935–2008), 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற பேசும் இயந்திர நாயைப் படைத்தார். இன்றைய இயந்திரங்கள் ஜீனோ செய்வதில் எவற்றைச் செய்கின்றன, எவற்றைச் செய்யவில்லை? பட்டியல் போட்டாலே பாதி மதிப்புரை தயார்.

நாவலைப் படித்து முடித்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எது உண்மை? எது கற்பனை? இரண்டும் சேரும் இடம் தாங்குகிறதா? மாயாஜாலக் கதையானால், ஆசிரியர் தாம் வகுத்த விதியைத் தாமே மீறுகிறாரா என்று பாருங்கள். துப்பறியும் கதையானால், குற்றவாளி அந்த நேரத்துக்குள் அந்த இடத்தை அடைந்திருக்க முடியுமா என்று கணக்கிடுங்கள். ஆனால் குற்றவாளி யார் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்துப் படிப்பவர் உங்களை மன்னிக்கமாட்டார்!

அச்சில் வந்ததை அப்படியே நம்பாமல் சரிபார்க்கும் பழக்கம் கதையோடு நிற்காது. நாளைக்குச் செய்தியையும் விளம்பரத்தையும்கூட நீங்கள் புரட்டிப் பார்ப்பீர்கள்.