ஏரித் தீவுக்கு ஏற்ற காலம்

வடசென்னையில், மகாகவி பாரதி நகர் என்னும் எம்.கே.பி. நகரில் வாழ்பவன் நான். எங்கள் பகுதிக்குக் கிழக்கே, கொருக்குப்பேட்டையை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். ஆயினும் அக்கால்வாயின் வழியே வடக்கு நோக்கிச் சென்றால் திருவொற்றியூரும் எண்ணூரும் கடந்து பழவேற்காடு ஏரியை அடையலாம். அந்த ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவின் விறகு, ஒரு காலத்தில் இக்கால்வாய்ப் படகுகளில்தான் சென்னைக்கு வந்தது. நம் முன்னோர் பலரின் அடுப்பில் எரிந்தது அத்தீவின் மரம் என்றால் அது மிகையன்று.

இவ்வளவு அருகில் உள்ள ஏரியையும் அதன் தீவுகளையும் காண எந்தக் காலம் ஏற்றது? மாணவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டதுண்டு. இதற்கு விடை எனக்கு ஒரு தவற்றினால் கிடைத்தது.

கல்லூரியில் பயின்ற நாளில், மே மாத விடுமுறையில் நண்பர்கள் நால்வருடன் பழவேற்காட்டுக்குச் சென்றேன். அலை வீசும் நீரையும் ஆயிரக்கணக்கான பறவைகளையும் எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்கு, கரையோரமெங்கும் வெடித்த சேறும் அதன்மேல் வெள்ளையாகப் பூத்த உப்புமே காட்சியளித்தன. தொலைவில் கானல் நெளிந்தது. பறவை ஒன்றிரண்டுகூடக் கண்ணில் படவில்லை. வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "என்ன ஐயா, ஏரி இப்படி இருக்கிறதே?" என்றேன். அவர் சிரித்தார். "தம்பி, நீங்க பள்ளிக்கூடத்துக் காலண்டரைப் பாத்து வந்திருக்கீங்க. ஏரிக்குன்னு ஒரு காலண்டர் இருக்கு. அதைப் பாக்கலையே!" என்றார்.

அந்த ஏரியின் காலண்டரைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. பரப்பு பெரிது, ஆழமோ மிகக் குறைவு. பல இடங்களில் ஒரு மீட்டர் அளவே இருக்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். ஆழமான ஏரியில் ஒரு முழம் நீர் ஏறினாலும் இறங்கினாலும் தோற்றம் பெரிதும் மாறாது. தட்டுப் போன்ற ஏரியிலோ, ஒரு முழ நீர் வற்றினால் பல சதுரக் கிலோமீட்டர் நிலம் வெளிப்பட்டுவிடும்.

இனி மாதங்களைப் பார்ப்போம். நம் கரைக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் ஆட்சி. தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் அப்போது ஏரியில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. நீர்மட்டம் உயர, கடலுடன் ஏரி கூடும் முகத்துவாரத்தின் மணல்திட்டு உடைந்து வழி விரிகிறது. புயல்கள் பெரிதும் தோன்றுவதும் இப்பருவத்திலேயே. பாய்மரக் கப்பல்களின் நாளில், பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் முதலாக, இக்கரையில் வாணிபம் நடத்திய கப்பலோட்டிகள் எல்லோருமே இம்மாதங்களில் இங்கே நங்கூரமிட்டு நிற்க அஞ்சினர்.

ஜனவரியில் மழை ஓய்ந்து வானம் தெளிகிறது. நீர் மெல்ல வடியத் தொடங்குகிறது. கோடையிலோ வெயில் நீரை உறிஞ்ச, ஆறுகளும் வறண்டுவிட, கடலலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைக்க முற்படுகின்றன. ஆயிரம் பங்கு கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 பங்கு. கோடையில் ஏரியின் சில பகுதிகளில் உவர்ப்பு கடலையும் விஞ்சிவிடும். மே மாதத்தில் நான் கண்டது இந்த ஏரியைத்தான்.

பறவைகள் இக்காலண்டரை நம்மைவிட நன்றாக அறிந்தவை. பழவேற்காட்டின் புகழ்பெற்ற விருந்தாளி பூநாரை. நீண்ட கால்களால் ஆழமற்ற நீரில் நின்று, அலகைத் தலைகீழாகத் திருப்பிச் சேற்றுநீரை அள்ளி, நுண்பாசியையும் சிறு உயிர்களையும் வடிகட்டி உண்பது அதன் வழக்கம். ஆகவே ஏரி நிரம்பித் ததும்பும்போது அதற்கு வசதியில்லை. முற்றும் வறண்டால் உணவில்லை. மழை நின்று நீர் முழங்காலளவுக்கு இறங்கும் காலமே அதற்கு விருந்துக் காலம். ஏரிக்கு அருகிலுள்ள நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் இக்குளிர் மாதங்களில்தான். எனவே ஜனவரி, பிப்ரவரி இரண்டுமே பழவேற்காட்டுக்குச் சிறந்தவை என்பது என் முடிவு. அவற்றிலும் காலை வேளையே நன்று. பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கிவிடும்.

இவ்விடை எல்லா ஏரிக்கும் பொருந்துமோ? பொருந்தாது. குளிர்நாட்டார் பயணத்துக்கு வெப்பமானியைப் பார்க்கலாம். வெப்பமண்டலத்தவராகிய நாம் மழைமானியைப் பார்க்க வேண்டும். மழையோ இடத்துக்கு இடம் வேறு. சிலிகாவுக்குத் தென்மேற்குப் பருவமழை. அங்குள்ள நலபானா என்னும் தீவு மழைக்காலத்தில் நீரில் மூழ்கியே போய்விடும். குளிர்காலத்தில் மீண்டும் தலைதூக்கிப் பறவைகளை வரவேற்கும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் உள்ள பாதிராமணல் தீவுக்கு ஜூன், ஜூலையில் சென்றால் அடைமழையில் அகப்படுவோம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலோ ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம். ஆகவே மாதத்தை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. எந்தக் காற்று எப்போது மழை தருகிறது என்பதை அறிவதே பயன்.

தீவு என்றவுடன் விரும்பிய இடத்தில் இறங்கலாம் என்றும் எண்ணிவிடலாகாது. ஸ்ரீஹரிக்கோட்டாவில் 1971-ஆம் ஆண்டிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. அங்கே அனுமதியின்றி நுழைய இயலாது. இருக்கம் தீவிலோ மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. நமக்குக் காட்சியாக இருக்கும் நீர் அவர்களுக்கு வயல். ஏரியின் மீனவர்களிடையே 'பாடு' என்னும் பழைய முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை விரிப்பது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு அது. கடலில் பிறந்த இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்வதால், மழைக்குப் பிந்திய நாட்கள் அவர்களுக்கும் அறுவடை நாட்கள். நமக்கு ஏற்ற காலம் பறவைக்கும் மீனவருக்கும் உழைப்புக் காலம் என்பதை மறந்து, பூநாரைக் கூட்டத்தைக் கல்லெறிந்து பறக்கவிடுவதும் விரித்த வலையை மிதிப்பதும் விருந்தினர்க்கு அழகல்ல.

இறுதியாக ஒரு துயரச் செய்தி. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கப் பழவேற்காட்டுக்கு வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறிப் படகில் ஏறியிருந்தனர். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, மே மாதத்து முதியவரின் சொல் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. தவறான காலத்தில் சென்ற எங்களுக்கு நேர்ந்தது ஏமாற்றம் மட்டுமே. எல்லோருக்கும் தண்டனை அவ்வளவு சிறியதாக இருப்பதில்லை. ஆழமில்லாத ஏரிதானே என்று எண்ணலாகாது. வெள்ளம் கடலைத் தேடிப் பாயும் முகத்துவாரத்தில் நீரோட்டமும் அலையும் மோதும் இடம் எப்போதும் அபாயமானது.

மாணவ நண்பர்களே, கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்து உங்களைப் பழவேற்காட்டில் சேர்க்கும். பொங்கலுக்குப் பிந்திய ஒரு விடியற்காலையில் புறப்படுங்கள். படகு தேடாமல் கரையில் நின்றே பாருங்கள். அங்கே வலை சீர்செய்யும் பெரியவர் எவரேனும் இருப்பார். முதலில் அவரிடம், "ஐயா, ஏரி இன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடைக்கு ஏற்ப அன்றைய பொழுதை அமைத்துக்கொள்ளுங்கள்.