படம் திக்கினால் போர்டு போச்சுன்னு அர்த்தமா?



எங்க அக்கா பிளஸ் டூ படிச்சப்போ, 2013-ல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் எங்க வீட்டில் ஓடுது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அக்கா செட்டில் பல பேர் அதைத் திறந்தே பார்த்ததில்லையாம்!

விண்டோஸ் ஆமை வேகத்துக்கு வந்துட்டதால், போன லீவில் பெரியப்பா வீட்டு அண்ணன் எல்லாத்தையும் அழிச்சிட்டு லுபுண்டு போட்டுக் கொடுத்தார். மற்ற வேலையெல்லாம் நல்லாத்தான் நடந்தது. பென்டிரைவில் வாங்கி வந்த இயற்பியல் பாட வீடியோவைப் போட்டால் மட்டும் படம் திக்கித் திக்கி வரும். குரல் முன்னால் போகும், கரும்பலகையில் கை பின்னால் எழுதும். ஃபேன் மாவு மிஷின் மாதிரி இரையும். வீட்டில் இருக்கிற ஒரே போனை அப்பா விடியுமுன்னே கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவார். அரையாண்டுக்கு மூன்றே வாரம்.

டவுனில் ஒரு கடையில் காட்டினோம். "கிராபிக்ஸ் போச்சு, போர்டு மாத்தணும், 4,500 ரூபாய்" என்றார்கள். சீட்டுப் பணத்தை எடுக்கிறேன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு மனசு கேட்கலை.

வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்கள்தான். அகலத்தில் 1280, உயரத்தில் 720 புள்ளி உள்ள படம் நொடிக்கு 30 என்றால், நொடிக்கு 2 கோடியே 76 லட்சம் புள்ளிகளைத் திரையில் வைக்கணும். இதுக்குன்னே தனியாக கிராபிக்ஸ் சிப் இருக்கு. அதை வேலை வாங்கும் மேஸ்திரிதான் டிரைவர். மேஸ்திரி வரலைன்னா சிப் சும்மா கிடக்கும். மொத்த வேலையும் பிராசஸர் தலையில் விழும். பூ கட்டுற ஆளையே கல்லாவிலும் உட்கார வச்ச கதைதான்.

(சத்தம் வருது, படமே வரலைன்னா பெரும்பாலும் கோடெக் இல்லாத குறை. விஎல்சி பிளேயர் போட்டுப் பாருங்க, அது தன் கோடெக்கைத் தானே கொண்டு வரும்.)

இப்போ யார் வரையறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மெசா-யூடில்ஸ் என்ற பேக்கேஜை நிறுவி, டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி' கட்டளை கொடுத்தேன். ரெண்டரர் என்ற வரியில் 'இன்டெல்' என்று வரணும். எனக்கு வந்தது 'எல்எல்விஎம்பைப்'. அப்படின்னா பிராசஸரே படம் வரையுதுன்னு அர்த்தம். சிப் சாகலை, அதை யாரும் கூப்பிடவே இல்லை!

அண்ணனிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் இருப்பது என்விடியா கார்டு. லினக்ஸ் போடும்போது திரை கறுத்துப் போனதால் 'நோமோட்செட்' என்று ஒரு வார்த்தை சேர்த்தாராம். அதே பழக்கத்தில் என் லேப்டாப்பிலும் சேர்த்திருக்கார். அந்த வார்த்தை இருந்தால் இன்டெல் டிரைவர் ஏறாது. ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் சாப்பிட்ட மாதிரி ஆயிடுச்சு.

உடனே கோப்பைத் திருத்திடாதீங்க. முதலில் சோதனை: ஆன் செய்ததும் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் கிரப் மெனு வரும் (சில கம்ப்யூட்டரில் எஸ்கேப்). அதில் 'இ' எழுத்தைத் தட்டி, அந்த வார்த்தையை மட்டும் அழித்து, எஃப்10. அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான் இது செல்லும். திரை கறுத்தாலும் அணைத்துப் போட்டால் பழையபடி வந்துடும். எனக்குத் திரை ஒழுங்காக வந்தது, வீடியோ வழுக்கிட்டு ஓடியது! அதுக்கப்புறம்தான் கிரப் கோப்பில் நிரந்தரமாக நீக்கி, 'சூடோ அப்டேட்-கிரப்' கொடுத்தேன். செலவு ஒரு பைசா இல்லை. சீட்டுப் பணம் அப்படியே இருக்கு.

கட்டளைகளை ஆங்கிலத்தில் எப்படித் தட்டணும்னு என் நோட்டில் எழுதி வச்சிருக்கேன், வந்து பார்த்துக்கலாம்.

ஒரே ஒரு பாடம் மட்டும் இன்னும் திக்குது. அது எச்இவிசி என்ற புது முறையில் சுருக்கிய கோப்பு. என் சிப்புக்கு எச்.264 வரைக்கும்தான் தெரியும். அதை மாற்ற நேற்று ராத்திரி போட்டேன், காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பாதிதான் முடிஞ்சிருந்தது.

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்