ஒரே பேரேடு, பல கிளைகள்

ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு சங்கத்தில் நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி இது. அங்கத்தினர் ஒருவர் தமது பயிர்க்கடன் தவணையைக் கிளை அலுவலகத்தில் செலுத்தி ரசீதும் பெற்றிருந்தார். உரம் வாங்கத் தலைமை அலுவலகத்திற்குச் சென்றபோதோ, தவணை தவறியோர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ரசீதை நீட்டினார். "எங்கள் கணக்கில் ஏறவில்லையே" என்றார் எழுத்தர். இருவரும் பொய் சொல்லவில்லை. கிளையின் கம்ப்யூட்டரில் வரவு ஏறியிருந்தது; அது தலைமை அலுவலகத்தை அடையப் பன்னிரண்டு நாட்களாயின. அதற்குள் வயலுக்கு மேலுரம் இடும் பருவம் தவறிவிட்டது.

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் கணக்கு சீர்ப்பட்டுவிடும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தனித்தனியே நிற்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் இரண்டு பேரேடுகளே. இக்குறையை நீக்குவதற்கு ஏற்பட்டதுதான் கிளையண்ட்–சர்வர் என்னும் முறை. மூலக்கணக்கு சர்வர் என்னும் ஒரு பொறியில் மட்டும் இருக்கும். கிளைகளிலுள்ள கிளையண்ட் பொறிகள் கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ அதனிடம் கேட்டு விடை பெறும். புதிய வரவு செலவையும் அதிலேயே பதியும்.

இக்கருத்து நம் பகுதிக்குப் புதியதன்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடா நாட்டுச் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அதற்கு உதவியது. வில்லியனூரில் திரட்டித் தமிழில் எழுதப்பட்ட செய்திகள் எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் நிலையங்களுக்கு வானொலிக் கருவிகள் வழியே சென்றன. மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காதிருக்கச் சூரிய ஒளித் தகடுகள் அமைத்தனர். அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பு வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி மூலம் மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. இத்திட்டம் 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது. இது முழுப்பொருளில் சர்வர் அமைப்பு என்று சொல்வதற்கில்லை. ஓரிடத்தில் சேமித்துப் பல ஊர்களுக்கு வழங்குதல் என்னும் அடிப்படை மட்டும் ஒன்றே.

நெசவாளர் சங்கங்களில் இதன் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். நூல் வழங்கும் பதிவேடு, சேலை வரவு, கூலிப் பட்டியல், சிக்கன நிதி ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. நூல் கொடுத்தவுடன் இருப்புக் குறைய வேண்டும். சேலை வந்தவுடன் கூலி ஏற வேண்டும். கூலியில் பிடித்த தொகை அன்றே நெசவாளியின் நிதிக் கணக்கில் சேர வேண்டும். மூலக்கணக்கு ஒன்றாயின் ஒரே பதிவில் இவை யாவும் நடந்தேறும். யார் எதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதைச் சர்வரில் வரையறுத்துவிடலாம். திருத்தியவர் பெயரும் நேரமும் பதிவாகும்படியும் அமைக்கலாம். மை அழித்து எழுதிய தாள்களை விளக்கடியில் தூக்கிப் பார்த்துக் கண் நொந்த நமக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

மத்திய அரசு 2022இல் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. பொதுவான ஒரே மென்பொருளின் வழியே சங்கங்களை மாவட்ட, மாநிலக் கூட்டுறவு வங்கிகளுடனும் நபார்டுடனும் இணைப்பது அதன் நோக்கம்.

ஆனால் சர்வர் நின்றால் எல்லாக் கிளைகளும் ஒருங்கே நிற்கும். ஆகவே நாள்தோறும் மறுபிரதி எடுத்து, அதை வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும். மறுபிரதி பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் வேண்டும். மழைக்காலத்தில் மின்தடை நேர்வதால் பாட்டரியும் தேவை. பொதுக்குழுவில் கம்ப்யூட்டரின் விலையைக் கேட்கும் அங்கத்தினர்கள், மறுபிரதி எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம்.

முன்னே சொன்ன சங்கம் இப்போது இம்முறைக்கு மாறிவருகிறது. அந்த அங்கத்தினரோ இன்னும் ரசீதை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.