விறகுக் கட்டும் கோணிப் பையும்: ஒரு செலவுக் கணக்கு

விறகு வியாபாரத்தை மேற்கொள்ளும் ஐக்கிய சங்கங்கள் மரத்தின் கிரயம், வெட்டுக்கூலி, வண்டி வாடகை ஆகியவற்றைக் கணக்கில் தவறாமல் எழுதி வைக்கும். விறகைக் கட்டுவதற்கும் பையில் அடைப்பதற்கும் ஆகும் செலவோ "சில்லறைச் செலவு" என்னும் தலைப்பிலே மறைந்து போகக்கூடும். சொற்ப லாபமே நிற்கும் இத்தொழிலில் கிலோவுக்கு 50 பைசா வித்தியாசம் என்பது அற்பமன்று. 100 டன் விற்கும் சங்கத்திற்கு அது ரூ. 50,000 ஆகும். ஆகையால் விறகை எவ்விதம் கட்டி அனுப்புவது லாபகரமானது என்பதை அங்கத்தினர்கள் தாமே கணக்கிட்டறிவது அவசியம்.

இங்கே கூறப்படும் விலைகள் சந்தை நிலவரமல்ல. கணக்கு விளங்கும்பொருட்டு எடுத்துக்கொண்ட உதாரணங்களே. 8 மணி நேர வேலைக்குக் கூலி ரூ. 480 என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்திற்கு 1 ரூபாய் ஆகிறது. அவரவர் ஊரின் கூலியையும் விலையையும் அவ்வவ்விடத்தில் அமைத்துப் பார்த்துக்கொள்க. விறகு, நன்குலர்ந்த சவுக்குக் கட்டை அல்லது சீமைக்கருவேல் என்று கொள்வோம்.

முதலில் தென்னங்கயிற்றால் கட்டும் கட்டு. ஒன்றரை அடி நீளமுள்ள கட்டைகளை 10 கிலோ எடைக்குச் சேர்த்தால், சுற்றளவு ஏறக்குறைய முக்கால் மீட்டர் வரும். இரண்டு இடங்களில் கட்டி முடிச்சும் இட, 2 மீட்டர் கயிறு வேண்டும். மீட்டர் 1 ரூபாய் வீதம் கயிற்றுக்கு ரூ. 2, கட்டுவதற்கு 3 நிமிஷம், ஆகக் கூலி ரூ. 3. மொத்தம் ரூ. 5, அதாவது கிலோவுக்கு 50 பைசா. இதில் 30 பைசா கூலியாக உள்ளூராரிடமே தங்குகிறது. கயிறும் உள்ளூரில் திரிக்கப்பட்டதாயின் முழுத் தொகையும் ஊரைவிட்டு வெளியேறுவதில்லை.

பனை நார் இனாமாகக் கிடைக்கும்போது கயிற்றை விலைக்கு வாங்குவானேன் என்று சிலர் கேட்கலாம். மட்டையைச் சேகரித்து, நார் கிழித்து, நனைத்துப் பதமாக்கினாலன்றி அது ஒடிந்துபோகும். கட்டு ஒன்றுக்கு இவ்வேலைக்கு 2 நிமிஷமும், கட்டுவதற்கு 4 நிமிஷமும் பிடித்தால் செலவு 6 ரூபாய். இனாமான நார் விலைக்கு வாங்கிய கயிற்றைவிடக் கிலோவுக்கு 10 பைசா அதிகமாகிறது. வேறு வேலையில்லாத நாட்களில் சொந்த விறகைத் தாமே கட்டிக்கொள்ளும் குடும்பத்திற்கு நார் ஏற்றதே. கூலி கொடுத்துக் கட்டும் சங்கத்திற்கு அன்று.

கட்டிட வேலையில் பயன்படும் கட்டுக்கம்பியால் கட்டினால், கட்டு ஒன்றுக்குச் சுமார் 15 கிராம் கம்பி செல்லும். கிலோ ரூ. 80 வீதம் அது ரூ. 1.20, கூலி ரூ. 3; ஆகக் கிலோவுக்கு 42 பைசா. கயிற்றைவிட 8 பைசா மிச்சம் என்பது உண்மையே. ஆயினும், அடுப்பில் எரியாமல் சாம்பலோடு தங்கும் கம்பித் துண்டு அச்சாம்பலுடன் குப்பைக்கும் வயலுக்கும் போய்ச் சேருகிறது. வைக்கோலோடு கம்பியை விழுங்கிய மாடு வயிற்றில் புண்பட்டு மடிவதுண்டு. ஒரு கறவை மாட்டின் விலைக்கு எத்தனை ஆயிரம் கட்டுகளின் 80 பைசா மிச்சம் ஈடாகும் என்பதை அங்கத்தினர்கள் யோசிக்க வேண்டும். எமது அபிப்பிராயத்தில் கம்பி உசிதமன்று.

இனிக் கோணிப் பை. ஒரு முறை பயன்பட்ட பெரிய சாக்கு ரூ. 30 என்றும், அதில் துண்டு விறகு 35 கிலோ அடங்கும் என்றும் கொள்வோம். நிரப்பவும் வாய் தைக்கவும் 7 நிமிஷம், சணல் நூலுக்கு 1 ரூபாய், ஆக ரூ. 8. சாக்கு விறகோடு போய்த் திரும்பாவிட்டால் மொத்தம் ரூ. 38, கிலோவுக்கு 1 ரூபாய் 9 பைசா. திரும்பிவந்தால் கணக்கே மாறுகிறது. சாக்கு இருமுறை உழைத்தால் 66 பைசா. நான்கு முறை உழைத்தால் 44 பைசா. பத்து முறை உழைத்தால் 31 பைசா. ஆகவே கயிற்றுக் கட்டைவிடச் சாக்கு மலிவாக வேண்டுமானால் அது நான்கு முறையாவது உழைக்க வேண்டும். அனுப்பிய 4 சாக்குகளில் 3 திரும்பும் இடத்தில்தான் ஒவ்வொன்றும் சராசரி 4 முறை உழைக்கும். பாதியே திரும்பினால் சராசரி 2 முறைதான். இதற்கு வாய்ச்சொல்லை நம்பாமல், சாக்கு ஒன்றுக்கு அதன் விலையளவு ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு, திரும்பக் கொடுத்ததும் கழித்துக்கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அவ்வேற்பாட்டை நடத்த இயலாத சங்கம் கோணியைத் தொடாதிருப்பதே நலம்.

பழைய உரச்சாக்கு ரூ. 8-க்குக் கிடைத்து 20 கிலோ கொண்டால், நூலும் கூலியும் ரூ. 5 சேர்த்துக் கிலோவுக்கு 65 பைசா ஆகும். வெங்காயம் வரும் வலைச்சாக்கு காற்றோட்டத்திற்கு நல்லதாயினும், கட்டையின் கூர்முனையும் சீமைக்கருவேல் முள்ளும் அதை ஒரே பயணத்தில் கிழித்துவிடும்.

இதுவரை கட்டுமானச் செலவை மாத்திரம் கண்டோம். வண்டியையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை புலப்படும். 2 கன மீட்டர் கொள்ளும், 1 டன் தாங்கும் வண்டியின் வாடகை நடைக்கு ரூ. 900 என்று வைத்துக்கொள்வோம். விறகைத் தாறுமாறாக அள்ளிக் கொட்டினால், இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கே மரம், மற்றது காற்று. ஒழுங்காக அடுக்கினால் மரம் ஐந்தில் மூன்று பங்காகும். கன மீட்டர் மரம் 800 கிலோ என்று கொண்டால், கொட்டிய வண்டியில் 640 கிலோவும், அடுக்கிய வண்டியில் 960 கிலோவும் ஏறும். கிலோவுக்கு வாடகை முன்னதில் 1 ரூபாய் 41 பைசா, பின்னதில் 94 பைசா. உருண்டைக் கட்டுகளுக்கிடையே சந்து விழுவதால் கட்டாக ஏற்றினால் 800 கிலோ என்று கொள்ளலாம். வாடகை 1 ரூபாய் 13 பைசா. சாக்கில் அடைத்த துண்டுகள் கொட்டிய விறகைப் போலவே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஏற்று இறக்குக் கூலியாகக் கொட்டும் விறகுக்கு 20, அடுக்கும் விறகுக்கு 30, கட்டுக்கு 8, சாக்குக்கு 6 பைசா வைத்துக் கூட்டினால் முடிவு இவ்வாறு வருகிறது. அடுக்கிய உதிரி விறகு 1 ரூபாய் 24 பைசா; கொட்டிய உதிரி விறகு 1 ரூபாய் 61 பைசா; கயிற்றுக் கட்டு 1 ரூபாய் 71 பைசா; நான்கு முறை உழைக்கும் கோணி 1 ரூபாய் 91 பைசா; திரும்பாத கோணி 2 ரூபாய் 56 பைசா. உதிரியாகக் கொட்டி அனுப்புவது மலிவென்று கருதுவோர் கட்டுச் செலவில் மிச்சம் பிடித்த 50 பைசாவில் பெரும்பகுதியை வண்டிக்காரருக்கே கொடுத்துவிடுகின்றனர்.

ஒரே இடத்தில் வண்டியோடு வாங்கும் செங்கல் சூளைக்கும் கலியாண மண்டபத்திற்கும் அடுக்கிய உதிரி விறகே ஏற்றது. அங்கே கட்டுவது வீண். அதே விறகை 20 தேநீர்க் கடைகளுக்குப் பிரித்துப் போடுவதாயின், கடைதோறும் தராசை இறக்கி இருவர் 10 நிமிஷம் நிறுக்க, கிலோவுக்கு மேற்கொண்டு 42 பைசா ஏறிவிடும். அப்போது உதிரி 1 ரூபாய் 66 பைசா, கட்டு 1 ரூபாய் 71 பைசா என்று ஏறக்குறையச் சமமாகிறது. நிறுக்கும் மூன்று மணிக்கு மேற்பட்ட நேரமும் வண்டி காத்து நிற்பதை எண்ணினால் கட்டே வெல்லும். கட்டுவதற்கு உதவாத மிலாரும் சிராய்த் துண்டும் அடுப்புக்கரியும் மட்டும் சாக்குக்கு உரியவை.

இவ்வித்தியாசங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது விறகின் ஈரம். பச்சை மரத்தின் எடையில், மரத்தையும் பருவத்தையும் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நீராகும். 100-க்கு 40 பங்கு நீருள்ள 100 கிலோ விறகு, 20 பங்கு நீருக்கு உலரும்போது 75 கிலோவாகச் சுருங்கும். கிலோ ரூ. 4 வீதம் அங்கத்தினரிடம் பச்சையாக வாங்கிய விறகு, உலர்ந்தபின் சங்கத்திற்கு ரூ. 5.33 ஆகிறது. இந்த 1 ரூபாய் 33 பைசாவைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்தால், கயிற்றில் எவ்வளவு சிக்கனம் செய்தும் பயனில்லை. வாங்கும்போதே பச்சைக்கு ஒரு விலை, உலர்ந்ததற்கு ஒரு விலை என்று நிர்ணயிப்பது அங்கத்தினருக்கும் நியாயம், சங்கத்திற்கும் நியாயம்.

ஈரத்திற்கும் கட்டுமானத்திற்கும் நேர் சம்பந்தம் உண்டு. பச்சை விறகை இறுக்கிக் கட்டினால், உலர்ந்து சுருங்கியதும் கட்டுத் தளர்ந்து கட்டைகள் நழுவி விழும். அரைகுறையாக உலர்ந்ததை நெருங்கிய சாக்கில் அடைத்தால் காற்றுப் புகாமல் பூசணம் பிடிக்கும். 30 பங்கு நீரோடு 35 கிலோ அடைத்த சாக்கு, நாளடைவில் 20 பங்குக்கு உலர்ந்தால் 31 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். வாங்கியவர் மறுபடி நிறுத்துப் பார்த்தால் சங்கம் எடையில் மோசம் செய்ததென்றே எண்ணுவார். வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் மேடையிட்டு, மேலே மாத்திரம் மூடிக் காற்றோட்டமாக அடுக்கி, எடை குறைவது நின்றபின்பே கட்டவேண்டும். நாலு முளைகள் அறைந்த மரச்சட்டத்தில் கட்டைகளை அடுக்கி, கயிற்றில் கோல் செருகி முறுக்கி இறுக்கினால் கட்டுகள் ஒரே அளவாக அமையும்.

நிகர எடையையும் விலையையும் குறித்து முன்கூட்டியே பொதி கட்டி விற்பது சட்டத்திற்கும் உட்பட்டது. 2009-ஆம் வருஷத்து எடையளவுச் சட்டத்தின்கீழ் 2011-இல் ஏற்பட்ட பொதிப்பொருள் விதிகள், சில்லறைப் பொதியின்மீது கட்டியவர் பெயர், விலாசம், நிகர எடை, விலை முதலியவற்றைக் குறிக்கச் சொல்கின்றன. சங்கக் காரியதரிசி இவ்விஷயத்தை எடையளவு இன்ஸ்பெக்டரிடம் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது.

புதிதாகத் தொடங்கும் சங்கம் முதல் மாதத்தில் 20 கட்டுகளையும் 5 சாக்குகளையும் மாத்திரம் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் பிடித்த நிமிஷத்தையும் அன்றைய எடையையும் சீட்டில் எழுதித் தொங்கவிடலாம். வாரம் ஒருமுறை மறுபடி நிறுத்து, எடையைப் பழைய எண்ணின் கீழே குறித்துவர வேண்டும். திரும்பிவந்த சாக்குகளின் தொகையை ஈட்டுத்தொகைப் பேரேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, மேலே கண்ட உதாரண எண்களை நீக்கித் தம் எண்களை அங்கே வைத்து, பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் முன்னிலையில் வாசிக்கலாம்.