செயற்றிட்ட முகாமைத்துவமும் பாத்திரமேற்றுக் கற்றலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது பழமொழி. எல்லாக் கல்விக்கும் இஃது ஒருபடித்தாகப் பொருந்துவதன்று. கணிதத்தை ஏட்டாற் கற்கலாம். நீந்துதலை ஏட்டாற் கற்றவர் இலர். பல்கலைக்கழகங்களிற் பயிற்றப்படும் செயற்றிட்ட முகாமைத்துவம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் ஒரு பாதி ஏட்டில் அடங்கும். மற்றைப் பாதி அடங்காது.

குறித்த காலத்துள், குறித்த செலவில், குறித்ததொரு பயனை ஆக்கி முடிக்க மேற்கொள்ளப்படும் முயற்சியே செயற்றிட்டம் எனப்படும். எவ்வேலை எதற்கு முன்னர் முடிதல் வேண்டும், எது தாமதித்தால் முழுப்பணியும் தாமதிக்கும் என்பவற்றைக் கணித்தறியும் முறைகள் 1957ஆம், 1958ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று டூபொன்ற் என்னும் இரசாயனக் கம்பனியிலும், மற்றொன்று கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைப் பணியிலும் தோன்றியது. இவை கரும்பலகையிற் கற்பித்தற்கு எளியன. ஆயின், வேலைகளை வரிசைப்படுத்தல் ஒன்று. அவற்றைச் செய்யும் மனிதரை ஒருமுகப்படுத்தல் வேறொன்று.

இதற்குத் தக்க சான்று சிட்னி நகரின் இசைநாடக அரங்கம். போட்டியொன்றின் வாயிலாக டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் யோன் உட்சனின் வரைவு 1957இல் தெரிவுசெய்யப்பட்டது. அதன் கூரையை எவ்வாறு அமைப்பது என்பது முடிவாகுமுன்னரே, அரசின் அவசரத்தால் 1959இல் வேலை தொடங்கிற்று. பின்னர் கூரையின் பாரத்தைத் தாங்கும் வலிமை அடித்தளத் தூண்களுக்கு இன்மையால் அவற்றை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. அரசுடன் ஏற்பட்ட பிணக்கினால் 1966இல் உட்சன் பதவி விலகினார். 1963இல் முடியுமென எதிர்பார்க்கப்பட்ட அரங்கம் 1973இலேயே திறக்கப்பட்டது; 70 இலட்சம் டொலரென மதிக்கப்பட்ட செலவு 10 கோடி 20 இலட்சமாயிற்று. கட்டடம் உலகப் புகழ் பெற்றது. அதனை ஆக்கியோரின் உறவு முறிந்தது.

இவ்வரலாற்றை விரிவுரையாகக் கேட்கும் மாணவன், அமைச்சர் அவசரப்பட்டார் எனக் குறித்துக்கொண்டு எளிதில் அமைதியடைவான். தான் அவ்விடத்தில் இருந்திருப்பின் அவ்வாறு செய்திரான் என்றும் நம்புவான். இந்நம்பிக்கையைச் சோதிப்பதே பாத்திரமேற்றுக் கற்றல். இம்முறை புதியதன்று. 1824இல் பிரசிய நாட்டு அதிகாரி றைஸ்விற்ஸ் அமைத்த போர் விளையாட்டு, படைத்தலைவரைக் களங்காணுமுன்னரே களத்தின் நெருக்கடிக்குப் பழக்கிற்று.

வகுப்பில் இதனை நடத்தும் முறை வருமாறு: முதலில், வரலாற்றின் முடிவை அறிந்தோர் அதனையே ஒப்புவியாதபடி, அரங்கத்தின் பெயரையும் நாட்டையும் மறைத்தல் வேண்டும். அமைச்சர், கட்டடக் கலைஞர், பொறியியலாளர், ஒப்பந்தகாரர், முகாமையாளர் என ஐவர் பாத்திரமேற்பர், ஏனையோர் நோக்குநராவர். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்புத்தாள் வழங்கப்படும். அமைச்சரின் தாளிலே தேர்தல் அண்மித்துள்ளதென்றும், பொறியியலாளரின் தாளிலே தூண்களின் வலிமை ஐயத்திற்குரியதென்றும் இருக்கும். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். கூத்திலே பாட்டும் வசனமும் முன்னரே வகுக்கப்பட்டவை. இங்கே வகுக்கப்பட்டது நிலைமை மட்டுமே. சொல்லும் சொல் மாணவனுடையது.

கூட்டந் தொடங்கியதும் அமைச்சர் வேலையைத் தொடங்கும் நாளைக் கேட்பார். பொறியியலாளராக அமர்ந்த மாணவன் தன் ஐயத்தை வெளியிடலாம். அன்றி, அனைவரும் உற்சாகமாயிருக்கையில் அதைக் குலைக்க மனமின்றி, அடுத்த கூட்டத்திற் கூறலாமென வாளாவிருக்கவுங் கூடும். வாளாவிருப்பின், அவ்வமைதியின் விலையை மூன்றாங் கூட்டத்திலே அவனே காண்பான். தாமதத்தை ஈடுசெய்ய ஆட்களைக் கூட்டுமாறு அமைச்சர் பணித்தால் மற்றோர் உண்மை வெளிப்படும். ஐவர் தம்முட் பேசுதற்குரிய தொடர்புகள் பத்து. பதின்மராயின் அவை நாற்பத்தைந்து. பிந்திய மென்பொருட் பணிக்கு ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று பிரெட் புறூக்ஸ் 1975இல் எழுதியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பின்னர் பாத்திரங்களை மாற்றுதல் இன்றியமையாதது. முன்னர் அமைச்சரைக் கடிந்தவன் அமைச்சனாகும்போது, பொதுமக்களின் பணத்திற்கு விடைகூறவேண்டிய பாரத்தை உணர்வான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாற்றானே தெரியும்!

எனினும், நடிப்பு முடிந்தவுடன் வகுப்பைக் கலைத்துவிடின் எஞ்சுவது நகைப்பு மாத்திரமே. நடித்ததற்குச் செலவிட்ட நேரத்திற்குக் குறையாத நேரத்தை ஆராய்தலுக்கும் ஒதுக்குதல் வேண்டும். முதலில் நடித்தோர் தாம் மறைத்தது யாது, ஏன் மறைத்தனர் என்பதைக் கூறுவர். அடுத்து நோக்குநர் தாம் கண்டதைக் கூறுவர். இறுதியிலே மறைத்த பெயர் வெளியிடப்பட்டு உண்மை வரலாறு ஒப்புநோக்கப்படும். புள்ளிகளும் நடிப்புத் திறனுக்கன்றி, பின்னர் எழுதும் ஆய்வுரைக்கே வழங்கப்படுதல் முறை. அன்றேல் நாவன்மை மிக்கோர் முன்னேற, கூச்சமுடைய மாணவர் தண்டிக்கப்படுவர்.

வகுப்பறையிற் சரியும் தூண் எவரையும் நசுக்குவதில்லை. அங்கே வீணாகும் பணம் எவருடையதுமன்று. தவறுதற்கு அச்சமற்ற இடம் அதுவே. விரும்பப்படாத உண்மையை உரிய வேளையிலே பணிவுடனும் உறுதியுடனும் எடுத்துரைக்க அங்கு ஒருமுறையேனும் பழகியவன், பின்னொரு நாள் மெய்யான தூணின் முன் நிற்கும்போது வாய்மூடி நில்லான்.