பறவை நோக்கலில் குழூஉக்குறிகள்

பறவை நோக்கலில் குழூஉக்குறிகள் எனப்படுபவை பறவை நோக்கர்கள் தமக்குள் வழங்கும் சொற்களும் பறவைகளுக்கு இடப்படும் பட்டப்பெயர்களும் ஆகும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக இலக்கண உரைகள் கூறும். பறவை நோக்கரின் சொற்களும் அவ்வகையினவே. பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை.

நோக்கர்களின் சொற்கள்

ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் காணும் பறவையினம் அவருக்கு 'லைஃபர்'. தேடிச் சென்ற பறவையைக் காணாமல் திரும்புதல் 'டிப்'. அரிய பறவை வந்த செய்தி கேட்டதும் ஊர் கடந்து ஓடுபவர் 'ட்விச்சர்'. இச்சொல் 1950களில் பிரித்தானியாவில் தோன்றியது. நிறமோ அலகோ தெரியாத தொலைவிலும் ஒரு பறவையைக் காட்டிக்கொடுக்கும் ஒட்டுமொத்தத் தோற்றமும் அசைவும் 'ஜிஸ்' எனப்படும். வானம்பாடி, நெட்டைக்காலி, கதிர்க்குருவி என ஒன்றுபோலவே தோன்றும் சிறு பழுப்புப் பறவைகள் அனைத்துக்கும் 'எல்.பி.ஜே.' என்ற ஒரே கேலிப்பெயர் உண்டு.

பட்டப்பெயர்கள்

தமிழ் மக்கள் பெயர்கள் பல, பறவையின் நடத்தையை உற்றுநோக்கி இடப்பட்டவை. மனிதர் நெருங்கினால் கூச்சலிட்டுப் பிற உயிர்களை எச்சரிப்பது ஆள்காட்டி. கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்துவது பாம்புத்தாரா. மடையானுக்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர். மிக அருகில் ஆள் வரும்வரை அசையாது நிற்பதால், அதற்குக் கண் தெரியவில்லை என்றே தோன்றும். எழுந்து பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகுகள் வெளிப்படும். கூட்டமாகத் திரியும் தவிட்டுக்குருவிகளை ஆங்கிலத்தில் 'ஏழு சகோதரிகள்' என்பர். இந்தியிலோ அவை ஏழு சகோதரர்கள்!

உள்ளான் என்னும் பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி உள்ளது. இதன் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் இதன் சேற்றுத் திட்டுகளில் இரை தேடும் வலசைக் கரைப்பறவைகளுள் பலவற்றுக்கும் 'உள்ளான்' என்ற ஒரே பெயர் பொதுவாக வழங்குகிறது. நெடுங்கால் உள்ளான் உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

இது வெறும் சொல் ஆராய்ச்சி அன்று. 1971ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையின்கீழ், 20,000 நீர்ப்பறவைகளுக்கு வழக்கமாக இடமளிக்கும் ஈரநிலம் பன்னாட்டு முக்கியத்துவம் உடையதாகக் கருதப்படும். ஓர் இனத்தின் அல்லது துணையினத்தின் தொகையில் 1 விழுக்காட்டுக்கு இடமளித்தாலும் அத்தகுதி உண்டு. '3,000 உள்ளான்' என்ற பதிவு முதல் அளவுகோலுக்குப் பயன்படும், இரண்டாவதற்குப் பயன்படாது. தொழிற்பேட்டைகளும் துறைமுகங்களும் சூழ்ந்த ஒரு நீர்நிலையில் இவ்வேறுபாடு சிறியதன்று. 1987 முதல் சனவரி மாதங்களில் நடைபெற்றுவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் இனவாரியான எண்ணிக்கையே முதன்மையாகக் கேட்கப்படுகிறது.

அதற்காக, இனம் தெரியாதபோது ஊகித்து எழுதுவது சரியாகாது. ஈபேர்ட் தரவுத்தளத்தில் இனம் உறுதிப்படாத பறவையைக் குழுப்பெயரால் மட்டும் பதிய இடமுண்டு. இத்தகைய பதிவை நோக்கர்கள் 'ஸ்பஹ்' என்பர். மீனவர் சொல்லும் உள்ளானும் ஏறத்தாழ அதுவே.